ஓரக்குறிப்புக்கு ஒரு பெட்டி

நான் கெட்டிக்காரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்த நாட்களில்தான் பெரிய பிழைகளை விட்டிருக்கிறேன். சின்னப் பிழைகளை எல்லா நாளும் விடுவேன், அது வேறு கதை.

எனக்குக் கொழும்பு ஒருகொடவத்தையில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. கேட் பாஸ் எழுதும் கிளார்க்காகத்தான் சேர்ந்தேன். ஒரே லொறி நம்பரை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் எழுதிக் கை நொந்துபோய், "இதுக்கு ஒரு வழி இல்லையா கடவுளே" என்று கொம்பியூட்டரில் டேட்டாபேஸ் செய்யப் பழகினேன். ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. பிழை வரும், திட்டுவேன், தேடுவேன், திருத்துவேன். இரண்டு வருஷத்தில் யார்டில் எந்த ஃபோர்ம் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். தலைக்கனம் வராமல் என்ன செய்யும்?

வீடு கொட்டாஞ்சேனையில். ஞாயிறு பூசை முடிந்து படியிறங்கும்போது எங்கள் பங்கு ஃபாதர் என்னைப் பிடித்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், எதையும் நேரே கேட்கிறவர். "ஞானஸ்நானப் புத்தகங்களைக் கொம்பியூட்டரில ஏத்த வேணும். ஒவ்வொரு சேர்ட்டிபிக்கட்டுக்கும் அந்தப் பெரிய புத்தகத்தைத் திறந்து திறந்து தையல் விட்டுப் போகுது. உங்களால ஏலுமா?"

"இதென்ன பெரிய விசயமா, ஃபாதர்" என்று சொன்னேன். வாய் சும்மா இருந்தால்தானே.

புத்தகத்தைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரிசை: பெயர், பிறந்த தேதி, தாய் தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன். அது சுகம். வலது பக்கம் ஓரம் விட்டிருப்பார்கள், அதில்தான் சிக்கல். அந்தப் பிள்ளை வளர்ந்து, விசுவாசத்தை உறுதிப்படுத்துகிற உறுதிபூசுதல் எடுத்தால் ஓரத்தில் எழுதுவார்கள். எந்த ஊர்க் கோயிலில் கலியாணம் கட்டினாலும் அந்தக் கோயிலிலிருந்து கடிதம் வரும், அதையும் அதே ஓரத்தில் எழுதுவார்கள். பெயர் திருத்தினால் எழுதுவார்கள், சாமியாராகப் போனாலும் எழுதுவார்கள். சிலருக்கு ஓரம் வெறுமை. சிலருக்கு இடம் காணாமல் எழுத்து சரிந்து அடுத்த ஆளின் ஓரத்துக்குள் போயிருக்கும். ஒருத்தர் பிறகு கட்டலாமா கட்டக்கூடாதா என்பதை அந்த ஓரத்தைப் பார்த்துத்தான் சொல்லுவார்கள்.

ஃபோர்மில் இதை எப்படிக் காட்டுவது? குறிப்புகளை ஒரு பட்டியலாகக் கீழே தொங்கவிட்டிருந்தால் பத்து நிமிஷ வேலை. ஆனால் ஃபாதருக்குப் புத்தகத்தில் இருப்பதுபோல ஒவ்வொரு குறிப்பும் தனித்தனிப் பெட்டியில் வரவேண்டும். எனக்கோ வித்தை காட்டவேண்டும். ஆகவே பெட்டிகளைக் கையால் வரையாமல், கோட் எழுதி அதுவாகவே போட வைத்தேன். ஆளின் பெயரைத் தேடி எடுத்ததும் இவருக்கு எத்தனை குறிப்பு என்று எண்ணும், அத்தனை பெட்டியை ஃபோர்மில் தானாக உண்டாக்கும், உள்ளே குறிப்பை எழுதும். அச்செடுத்தால் அதுவே சேர்ட்டிபிக்கட்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஃபோர்ம் திறந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது அதற்குள் புதிதாக ஒரு பெட்டியைப் போட விடாது. வரைகிற பக்கமாகத் திறந்து, போட்டு, சேமித்து, மூடி, மறுபடி வேலைப் பக்கமாகத் திறக்கவேண்டும். நான் அதைக் கண் இமைக்கும் நேரத்தில் நடக்க வைத்தேன். ஆனாலும் ஸ்கிரீன் ஒரு தரம் வெட்டி மின்னும்.

"ஏன் இது எனக்குக் கண்ணடிக்குது?" என்று ஃபாதர் கேட்டார்.

"உங்களுக்கு மரியாதை குடுக்குது" என்றேன்.

சோதித்துப் பார்க்காமல் கொடுத்தவள் என்று நினைக்காதேயுங்கோ. சோதித்தேன். என்னுடைய பதிவையே எடுத்துச் சோதித்தேன். நான் கலியாணம் கட்டாதவள், எனக்கு உறுதிபூசுதல் மட்டும்தான், ஒரு பெட்டி. அழகாக வந்தது. அப்போது பள்ளிக்கூட அட்மிஷன் காலம். முதல் சில கிழமைகள் வந்ததெல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைகள், ஓரம் வெறுமை. எல்லாம் சரி, எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் வந்தது.

அப்படி ஒரு சனிக்கிழமை நான் பங்குப் பணிமனையில் இருந்தபோது அவர் வந்தார். கன்டெய்னர் லொறி டிரைவர், அறுபது தாண்டியவர். எங்கள் யார்ட் கேட்டில் வருஷக்கணக்காக என் ஜன்னலுக்கு முன்னால் நின்றவர், இப்போது ஓட்டுவதில்லை. வீடு எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி.

"மிஸ், எனக்கு ஞானஸ்நான சேர்ட்டிபிக்கட் ஒண்டு வேணும்."

"என்னத்துக்கு அண்ணன், பேரப்பிள்ளையளோட வெளிநாடு போறியளோ?" என்று பகிடி விட்டேன்.

"கலியாணம் கட்ட."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய மனுசி என்று நான் நினைத்திருந்த அக்காவும் அவரும் முப்பத்திரண்டு வருஷமாகச் சேர்ந்து இருக்கிறார்கள், கோயிலில் கட்டவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிள்ளைகளும் இல்லையாம். அக்காவுக்கு வயிற்றில் கேன்சர், ஆஸ்பத்திரியில் இனி வைத்திருந்து பிரயோசனம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவவுக்கு ஒரே ஆசை, போவதற்கு முன்னால் நன்மை, அதுதான் பூசையில் ஃபாதர் தருகிற அப்பம், எடுக்கவேண்டும். கோயிலில் கட்டாமல் சேர்ந்திருக்கிறவர்களுக்கு நன்மை இல்லை. ஃபாதர் வீட்டுக்கே போய், "இந்த நிலைமையில நான் தரலாம், மனஸ்தாபப்பட்டாச் சரி" என்று சொல்லியும் கேட்கவில்லையாம். "முறையாக் கட்டிப் போட்டு வாங்குவன், களவா வாங்க மாட்டன்" என்று சொல்லிவிட்டாவாம். ஆகவே ஃபாதர் இருவருடைய சேர்ட்டிபிக்கட்டையும் கொண்டுவரச் சொல்லி, வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டிலேயே வைத்துக் கட்டிவைப்பதாகச் சொல்லியிருந்தார். அக்காவுடையது மட்டக்குளிக் கோயிலிலிருந்து வந்துவிட்டது. அவருடையதுதான் பாக்கி.

பெயரைத் தேடினேன். ஸ்கிரீன் மின்னியது. ஒரு பெட்டி, உறுதிபூசுதல். அச்செடுத்து, சீல் குத்தி, கையில் கொடுத்தேன். அவர் அதை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி வாசித்தார்.

"இவ்வளவுதானா மிஸ்?"

"வேற என்ன வேணும் அண்ணன், பூ வைச்சுத் தரட்டுமா?"

நன்றி சொல்லிவிட்டுப் போனார். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. என் ஃபோர்ம் ஒரு மனுஷியின் கடைசி ஆசைக்கு உதவுகிறது என்று பூரிப்பு.

புதன்கிழமை யார்டில் அரைநாள் லீவு போட்டுப் பங்குப் பணிமனைக்கு வந்தேன், பெயர்கள் ஏற்றுகிற வேலை மிச்சம் கிடந்தது. ஒரு டீச்சர் சேர்ட்டிபிக்கட் கேட்டு வந்தார். அச்செடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது, என்ட கலியாணம் எங்க? இந்தப் பீடத்துக்கு முன்னால நிண்டுதானே கட்டினனான். என்ட மனுசனை எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறீர்?"

"ஏத்தின ஆக்கள் விட்டிருப்பினம்" என்று கொஞ்சம் வெடுக்கென்றே சொன்னேன். ஏற்றினதும் நான்தான், அது வேறு. அட்டவணையைத் திறந்து பார்த்தால் கலியாணம் ஏற்றித்தான் இருந்தது. ஃபோர்மை வரைகிற பக்கமாகத் திறந்து, அந்த உறுதிபூசுதல் பெட்டியை மவுஸால் பிடித்து இழுத்தேன். கீழே இன்னொரு பெட்டி இருந்தது. கலியாணம்.

ஒரு வரி விட்டிருந்தேன். ஒவ்வொரு பெட்டியும் போட்டபிறகு அடுத்ததைக் கொஞ்சம் கீழே இறக்கு என்று சொல்லும் ஒரே ஒரு வரி. அது இல்லாததால் எல்லாப் பெட்டியும் ஒரே இடத்தில், அடுக்கிவைத்த தட்டுகள்போல, ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருந்தன. புதுக்குறிப்பு முதலில், பழையது கடைசியில் என்று நான் வைத்த ஒழுங்கில், கடைசியாக விழுந்ததே மேலே இருக்கும் என்பதால், எல்லாருக்கும் மேலே தெரிவது உறுதிபூசுதல்தான். ஒரு குறிப்புள்ள என்னை வைத்துச் சோதித்தால் இது எந்தக் காலத்தில் தெரியப்போகிறது? எனக்கு என்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம்.

டீச்சருக்குக் கையால் எழுதிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டு அனுப்பிவிட்டு, அதுவரை கொடுத்த சேர்ட்டிபிக்கட்டுகளின் பட்டியலை எடுத்தேன். எல்லாம் குழந்தைகள். ஒரே ஒருத்தரைத் தவிர.

அவருடைய பெட்டியை இழுக்க எனக்கு மனம் வரவில்லை. அலுமாரியைத் திறந்து புத்தகத்தையே எடுத்தேன். அவருடைய பக்கம். ஓரத்தில், நீல மையில், உறுதிபூசுதலுக்குக் கீழே: ஹெந்தளைக் கோயிலில் இன்னாரை விவாகம் செய்தார். இருபத்தொரு வயதில்.

என்ன செய்கிறது, சொல்லுங்கோ. முதல் மனுசி உயிரோடு இருந்தால் வெள்ளிக்கிழமை கலியாணம் இல்லை. அக்காவுக்கு நன்மையும் இல்லை. புத்தகத்தை இனி ஒருத்தரும் திறக்கப்போவதில்லை, அதற்காகத்தானே கொம்பியூட்டரில் ஏற்றினோம். நான் பேசாமல் அலுமாரியைப் பூட்டினால் காரியம் முடிந்தது. உண்மையைச் சொல்கிறேன், பூட்டினேன். அலுமாரித் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தேன். பிறகு அவருக்குப் போன் எடுத்து வரச்சொன்னேன்.

வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

"தெரியும் மிஸ். எழுதியிருக்கும் எண்டு தெரிஞ்சுதான் வந்தனான். மறிச்சா மறிக்கட்டும், வீட்ட போய்ச் சரிவரேல்ல எண்டு சொல்லுவம் எண்டு. நீங்க தந்த கடதாசியில அது இல்ல. வெளியில போயும் ரெண்டு தரம் வாசிச்சன். அந்தோனியார் அழிச்சிட்டார் எண்டுதான் நினைச்சன். போய் மெழுகுதிரியும் கொளுத்தினனான்."

"அந்தோனியார் இல்ல அண்ணன், நான்தான்" என்றேன். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. "வெள்ளிக்கிழமை ஃபாதர் வேதாகமத்தில கை வைக்கச் சொல்லிக் கேப்பார், முந்திக் கட்டினீரா எண்டு. என்ன சொல்லப் போறியள்?"

"கடதாசி சொல்லுறதைத்தான் சொல்லுவன்." பிறகு கையெடுத்துக் கும்பிட்டார். "ரெண்டே நாள் மிஸ். அவவுக்கு இதை விட ஒண்டும் வேணாம். நீங்க சும்மா இருந்தாப் போதும்."

சும்மா இருக்க என்னால் முடியவில்லை. நான் நல்லவள் என்பதால் இல்லை. "களவா வாங்க மாட்டன்" என்று அந்த மனுஷி சொல்லியிருக்கிறா, என் பிழையால் களவாகவே வாங்கப்போகிறா. அது எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க சொல்லுறியளா, நான் சொல்லட்டா?" என்று கேட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஃபாதரிடம் போனார், நானும் பின்னால் போனேன்.

ஃபாதர் ஏசவில்லை. ஒன்றுதான் கேட்டார். "அந்த முதல் மனுசி இப்ப எங்க?"

"தெரியாது ஃபாதர். ஒரு வருஷமும் சரியா இருக்கேல்ல, தாய் வீட்ட போயிட்டா. பிறகு வெளிநாடு போனா எண்டு கேள்வி. அதுக்குப் பிறகு ஒண்டும் தெரியாது."

"போய்க் கேக்கேல்லையா?"

"எந்த முகத்தோட போய்க் கேக்கிறது?"

"சரி, நாளைக்குப் போங்கோ" என்றார் ஃபாதர். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் போங்கோ. இவர் பாதி வழியில திரும்பி வந்திருவார்."

வியாழக்கிழமையும் லீவு போட்டேன், யார்டில் முணுமுணுத்தார்கள், போகட்டும். த்ரீவீலில் ஹெந்தளைக்குப் போனோம். அந்தக் கோயிலில் கொம்பியூட்டரும் இல்லை, மின்னுகிற ஃபோர்மும் இல்லை. வயதான கிளார்க் ஒருத்தர், சிங்களம், தமிழ் இரண்டும் கலந்து கதைத்தார். நான் முதல் மனுசியின் பெயரைச் சொன்னதும், "அவவா? அவ செத்துக் கனகாலமே" என்று எழும்பிப் போய் இன்னொரு புத்தகத்தை எடுத்து வந்தார். அடக்கப் பதிவுப் புத்தகம். விரலை மேலிருந்து கீழே இழுத்து ஒரு இடத்தில் நிறுத்தினார். வெளிநாட்டிலிருந்து நோயோடு திரும்பி வந்திருக்கிறா, அந்தக் கோயில் சேமக்காலையிலேயே அடக்கம் பண்ணியிருக்கிறார்கள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால்.

நான் தேதியைப் பிரதிபண்ணிச் சீல் குத்தி வாங்கினேன். கை காரியத்தைச் செய்துகொண்டிருந்தது, மனம் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அவர் வாசல் பெஞ்சில் போய் இருந்துவிட்டார். "அப்ப பத்தொம்பது வருஷமா..." என்று தொடங்கினார். சேமக்காலைக்குப் போகிறீர்களா என்று கேட்டேன். தலையாட்டினார், போனார், கெதியாகவே வந்துவிட்டார். திரும்பி வரும்போது என்னைத் தன் வீட்டு வாசல்வரை வரச்சொன்னார். ஆனால் உள்ளே தனியே போய்த்தான் முதல் மனுசி செத்த கதையை அக்காவிடம் சொன்னார்.

அன்று பின்னேரமே அந்த ஒரு வரியை எழுதிப் பெட்டிகளைக் கீழே இறக்கினேன். பிறகு நான் எழுதின அந்தக் கோட் முழுவதையுமே தூக்கி எறிந்தேன். தேடித் தேடிப் பெட்டி போட்டு அழித்தால், அழித்த பெட்டியையும் ஃபோர்ம் கணக்கில் வைத்திருக்குமாம், ஒரு எல்லைக்குமேல் புதிதாக ஒன்றும் போட விடாதாம். அதையும் அப்போதுதான் வாசித்தேன். பத்துப் பெட்டியை முன்கூட்டியே கையால் வரைந்து மறைத்துவைத்து, தேவையானதை மட்டும் தெரியவைக்கிறதுதான் புத்தியுள்ளவர்கள் செய்கிற வேலை. இப்போது ஸ்கிரீன் மின்னுவதில்லை. வித்தையும் இல்லை.

வெள்ளிக்கிழமை சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று ஃபாதர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சின்ன வீடு, கட்டிலை முன் அறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அக்கா வெளிறிய நீலச் சேலையில் தலையணைக்குச் சாய்ந்து இருந்தா. ஃபாதர் முதலில் எங்களை வெளியே அனுப்பி அவவின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார். நேரம் எடுத்தது. பிறகு கூப்பிட்டார். முழுமனதோடு சம்மதமா என்று ஃபாதர் கேட்க, அவர் "ஓம்" என்று சொல்லமுதலே அழத் தொடங்கிவிட்டார். அக்கா, "ஆம்பிளை அழுறார் பாருங்கோ, கட்ட விருப்பமில்லைப் போல" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தா. கட்டியாயிற்று. நன்மை எடுத்தா. கண்ணை மூடிக்கொண்டு கனநேரம் இருந்தா.

ஃபாதரை வழியனுப்ப அவர் வாசலுக்குப் போனார். நான் தண்ணீர் கொடுக்கக் கட்டிலுக்குக் கிட்டப் போனேன். மனம் பொறுக்காமல் சொன்னேன், "அக்கா, பத்தொம்பது வருஷத்துக்கு முதலே கட்டியிருக்கலாம். ஒருக்கால் போய்க் கேட்டிருந்தா."

அவ வாசலைப் பார்த்தா, அவர் இன்னும் வெளியேதான் நின்றார். என் கையைப் பிடித்துக் குரலைத் தாழ்த்தினா.

"அவர் நினைக்கிறார், தான் வெட்கத்தில போகேல்ல எண்டு. நான்தான் விடேல்ல பிள்ளை. ஹெந்தளைப் பக்கம் லொறிக்கு ஹயர் வந்தா அண்டைக்கு எனக்குத் தலையிடி வரும், நெஞ்சு நோகும், விழுந்து படுத்திருவன். ஒவ்வொரு தரமும் ஹயரை விட்டிட்டு என்னோட வீட்டில இருந்திருவார். போய்ப் பாத்து, அவ உயிரோட இருந்து, வா எண்டு கூப்பிட்டு, இவர் அங்கயே நிண்டிட்டா? நன்மை இல்லாம இருக்கலாம் எண்டு எனக்குத் தெரியும். இவர் இல்லாம இருக்கலாமோ எண்டு தெரியேல்ல."

தண்ணீரை இரண்டு மிடறு குடித்தா.

"அதைத்தான் இப்ப ஃபாதரிட்டச் சொன்னனான்" என்றா. "நீர் இவரிட்டச் சொல்லிப் போடாதேயும்."

அவர் உள்ளே வந்தார், என்ன கதைக்கிறீர்கள் என்று கேட்டார். தண்ணி குடுத்தனான் என்று சொன்னேன்.